கரோனா துளையைத் தொடர எது வேண்டும்: தொலைநோக்கியா, கொடைக்கானலா, சுவரில் ஒரு கட்டமா?

மேலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்துக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். "சூரியனப் பாக்குற மாதிரி ஏதாவது வாங்குங்க சார்" என்பது ஒன்றுதான் அவர்கள் சொன்னது. அந்த வாரம் எல்லார் கைப்பேசியிலும் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. செம்புநிறச் சூரியன், நடுவில் கறுப்பாக அகன்ற ஒரு பட்டை, கீழே "சூரியனில் பிரம்மாண்ட ஓட்டை" என்று எழுத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அண்ணன் கைப்பேசியில் அதைக் கொண்டுவந்து காட்டி, "நம்ம மொட்டமாடியில இருந்து பாத்தா இது தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

பணத்தை எதில் போடுவது என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களும் மன்றக்காரர்களும் மதுரை வட்டாரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்பு என்ன என்று தெரிந்தால்தான் எந்தக் கருவி உதவும் என்பது புரியும். நாம் கண்ணால் காணும் சூரியத் தட்டு ஒளிமண்டலம். அதன் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெகு மேலே பரந்து கிடக்கும் மெல்லிய வெளிமண்டலம்தான் கரோனா. அங்கே வெப்பம் 10 லட்சம், 20 லட்சம் டிகிரி. அவ்வளவு சூடான வாயு பெரும்பாலும் புற ஊதாவின் கடைக்கோடியிலும் எக்ஸ் கதிரிலும்தான் ஒளிரும். அந்தக் கதிர்களை நம் காற்றுமண்டலம் தரைக்கு விடாது. கரோனாவில் சில இடங்களில் வாயு அடர்த்தி குறைந்து, வெப்பமும் சற்றுத் தணிந்து, பத்து லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் கீழோ இருக்கும். ஒளிர்வு அடர்த்தியின் இருமடிக்கு ஏற்பக் கூடும், குறையும். அடர்த்தி பாதியானால் வெளிச்சம் கால்வாசி. அதனால்தான் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் கிணறு மாதிரி இருண்டு தெரிகிறது. அந்த இடத்தைத்தான் கரோனா துளை என்கிறார்கள். உண்மையில் ஓட்டையும் இல்லை, பள்ளமும் இல்லை.

அடர்த்தி ஏன் குறைகிறது? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கண்மாயை வைத்துத்தான் சொல்வேன். கரோனாவின் பெரும்பகுதியில் காந்தப்புலக் கோடுகள் வளைந்து திரும்பவும் சூரியனுக்கே வந்து விழும். கரை கட்டிய கண்மாயில் தண்ணீர் தேங்குவது போல வாயு அங்கே தேங்கிக் கிடக்கும். கரோனா துளையில் கோடுகள் திரும்பி வருவதில்லை. விண்வெளியைப் பார்க்கத் திறந்தே கிடக்கும். மடையைத் திறந்துவிட்டால் மடைவாயில் மட்டம் தாழும், ஓட்டம் வேகமெடுக்கும் அல்லவா? அப்படித்தான் இதுவும். சாதாரணமாக நொடிக்கு 300, 400 கிலோமீட்டரில் வரும் சூரியக் காற்று, துளையிலிருந்து 500 முதல் 800 வரை பாய்கிறது. ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் 1973-74-இல் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள்தாம் இந்தத் துளைகளைத் தெளிவாகக் காட்டின. வேகக்காற்றின் பிறப்பிடம் இவைதாம் என்ற முடிவும் அந்த ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது.

இனி வழிகள்.

எல்லாரும் முதலில் சொல்வது சிறிய தொலைநோக்கியும் முன்முகப்பில் மாட்டும் சூரிய வடிகட்டியும். 70 மில்லிமீட்டர் ஒளிவிலகல் தொலைநோக்கி, தாங்கி, வடிகட்டித் தாள் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் காயும் மதுரைச் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. காலை எட்டு மணிக்குத் தரை சூடேறுமுன் பார்த்தால் சூரியப்புள்ளிகள் கூர்மையாகத் தெரியும். ஆனால் அவை சூரியப்புள்ளிகள். கரோனா துளைக்கும் அவற்றுக்கும் கறுப்பு நிறம் தவிர ஒற்றுமை குறைவு. புள்ளி இருப்பது ஒளிமண்டலத்தில். காந்தப்புலம் மிக வலுத்து, அடியிலிருந்து வெப்பம் ஏறிவர விடாமல் அழுத்துவதால் குளிர்ந்த இடம் அது. துளை இருப்பது கரோனாவில். புலம் வலுக்குறைந்து, திறந்து கிடக்கும் இடம். இரண்டையும் குழப்பி எழுதும் செய்திகள் இன்றும் வருகின்றன. கைப்பேசியில் சுற்றிய அந்தப் படத்தின் கீழேயும் "சூரியப்புள்ளி" என்றுதான் யாரோ எழுதியிருந்தார்கள். ஆக, தொலைநோக்கி நல்ல பொருள். பிள்ளை கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் ஆகாது.

அடுத்தது ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி. 6,563 ஆங்ஸ்ட்ராம் சிவப்பொளியை மட்டும் விடும் கருவி இது. (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு, பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்.) விலை ஒரு லட்சத்தை எளிதில் தாண்டும். விற்பவர் ஒருவர் தொலைபேசியில், "இதுல கரோனா துளை எல்லாம் நல்லாத் தெரியும் சார்" என்று உறுதியாகச் சொன்னார். தெரியாது. அது காட்டுவது கரோனாவுக்குக் கீழே உள்ள நிறமண்டலத்தை. விளிம்பில் எழும் தீப்பிழம்பும் தட்டின் மேல் நெளியும் கரிய இழைகளும் அதில் அற்புதமாகத் தெரியும். அதற்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். துளைக்காக என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒரு பள்ளியின் மொத்தப் பணமும் தவறான ஒரே வாக்கியத்தில் போய்விடும்.

கிரகணத்தைச் சிலர் சொன்னார்கள். முழுச் சூரிய கிரகணத்தின்போது கரோனா வெறுங்கண்ணுக்கே தெரியும், துருவங்களில் துளை இருந்தால் அங்கே ஒளிக்கற்றை மெலிந்து சீப்புப் பல் போலப் பிரிந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20-இல், அதுவும் காஷ்மீர், லடாக் பக்கம். 2031 மே 21-இல் தென் தமிழகத்தைக் கடக்கப்போவது கங்கணக் கிரகணம். 2019 டிசம்பர் 26-இல் திண்டுக்கல்லில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிச்சமிருக்கும் வளையத்தின் வெளிச்சமே கரோனாவை மறைத்துவிடும்.

கொடைக்கானலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனசு முதலில் அங்கேதான் போனது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏறினால் சுமார் 120 கிலோமீட்டர். 2,300 மீட்டருக்கு மேலான உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குப் பின்னால் நம் பாட்டன் பூட்டன் பட்ட துயரம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்போம், 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சம்தான். அதற்குப் பிறகு நடந்த விசாரணை, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியச் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1899-இல் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப்புள்ளிக்குள் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகமே அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே சூரியப் படங்களை எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நம் பக்கத்து மலையில் ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை தொடர்ந்து எழுதியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது பெரிய காரியம். ஆனாலும் துளையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கே எடுப்பவை வெள்ளொளி, கால்சியம், ஹைட்ரஜன்-ஆல்ஃபா படங்கள். கரோனா துளை அவற்றில் பிடிபடாது. தரையிலிருந்து துளையைக் காண ஒரு வழி உண்டு. அகச்சிவப்பில் 10,830 ஆங்ஸ்ட்ராம் ஹீலியம் கோட்டில் பார்த்தால் துளை இருக்கும் இடம் சற்று வெளுத்துத் தெரியும். அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வுக்கூடம் அப்படித்தான் பல்லாண்டு வரைபடம் போட்டது. பள்ளிக்கூடம் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

"நம்ம ஆதித்யா இருக்கே?" என்று தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவின் சூரிய ஆய்வுக்கலமான ஆதித்யா-எல்1 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் அமர்ந்தது. திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதன் சூட் கருவி படம் எடுப்பது 200 முதல் 400 நானோமீட்டர் வரை. அது ஒளிமண்டலத்தையும் நிறமண்டலத்தையும் காட்டும். வெல்க் கருவி சூரியத் தட்டை மறைத்து விளிம்புக்கு வெளியே உள்ள கரோனாவைப் பார்க்கிறது. தட்டின் நடுவில் வந்து நிற்கும் துளையை இரண்டுமே நேராகக் காட்டாது. துளையிலிருந்து கிளம்பும் காற்றை அளக்க ஆஸ்பெக்ஸ், பாப்பா என்று இரண்டு கருவிகள் அதில் உண்டு. அந்த அளவுகளைப் பதிவு செய்து இறக்கிக் கையாளக் கணினி நிரல் தெரிய வேண்டும். மதுரையில் இயற்பியல் முதுகலை நடத்தும் கல்லூரி என்றால் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது வேண்டாம்.

மிச்சம் இருப்பது, செலவே இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வழி. 2010 பிப்ரவரியில் கிளம்பிய நாசாவின் எஸ்டிஓ செயற்கைக்கோள் சூரியனை ஓயாமல் படம் எடுக்கிறது. பத்து அலைநீளங்களில், பெரும்பாலும் 12 நொடிக்கு ஒரு படம். எவரும் இலவசமாகப் பார்க்கலாம். துளைக்கு ஏற்றவை 193, 211 ஆங்ஸ்ட்ராம் படங்கள். 193 என்பது பதினொரு எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு விடும் ஒளி. சுமார் 15 லட்சம் டிகிரியில்தான் இரும்பு அந்த நிலைக்கு வரும். வெப்பமும் அடர்த்தியும் குறைந்த துளையில் அந்த இரும்பு சொற்பம் என்பதால் இடம் இருண்டு கிடக்கும். செம்பு நிறம், ஊதா நிறம் எல்லாம் நாம் அடையாளத்துக்குப் பூசியவை. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனால் கைப்பேசியில் சுற்றும் ஓட்டைப் படம்தான் அதுவும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்து, அச்சிட்டு, வரைந்து, சுவரில் ஒட்டினால்தான் அது அறிவியல் ஆகிறது. நாங்கள் செய்வது இப்படி. கறுப்புப் படத்தை அப்படியே அச்சிட்டால் மையைக் குடித்துவிடும். ஆகவே நிறத்தைத் தலைகீழாக்கி அச்சிடுகிறோம். துளை வெள்ளையாக வரும். சூரியன் ஏ4 தாளில் 16 சென்டிமீட்டர் வட்டமாக இருக்கும்படி வைத்திருக்கிறோம். சூரியனின் விட்டம் பூமியைப் போல 109 மடங்கு, எனவே அந்த அளவில் பூமி ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு கேப்பை மணி. உண்மையிலேயே ஒரு கேப்பை மணியைப் பசை வைத்துத் தாளின் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள். பிறகு டிரேசிங் தாளை மேலே வைத்துத் துளையின் கரையைப் பென்சிலால் இழுப்பார்கள். கரை எங்கே முடிகிறது என்று இரண்டு பேர் ஒத்துப்போவதே இல்லை. ஒருத்தி விரலால் மறைத்துக்கொண்டு, "இது வரைக்கும்தான் வெள்ள, அதுக்கு மேல சாம்பல்" என்பாள், இன்னொருவன் சாம்பலையும் சேர்ப்பான். இருவர் கோட்டையும் வெவ்வேறு நிறத்தில் வைத்துக்கொள்கிறோம். ஆராய்ச்சியாளர்களுக்கே இந்தக் கரைத் தகராறு இன்னும் தீரவில்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. படத்தில் வடக்கு மேலே, ஆனால் கிழக்கு இடப்பக்கம். நிலப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் இடிக்கும். துளை நாளுக்குச் சுமார் 13 டிகிரி இடமிருந்து வலமாக நகரும். நிறமண்டலத்து இழைகள் கிடக்கும் தடங்களும் 193-இல் கருப்பாகவே தெரியும். சந்தேகம் வந்தால் அதே நாளின் காந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் காந்தத்தின் ஒரு முனை வெள்ளையாகவும் எதிர்முனை கறுப்பாகவும் தெரியும். துளைக்கு அடியில் வெள்ளையோ கறுப்போ ஏதோ ஒரு முனைதான் மிகுந்திருக்கும். இழை, இரண்டு முனைகளும் சந்திக்கும் வரப்பின் மேல் கிடக்கும். எஸ்டிஓ வருஷத்தில் இரண்டு முறை, மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில், தினமும் கொஞ்ச நேரம் பூமியின் நிழலுக்குள் போகும். நம் நேரப்படி அது நண்பகல் வாக்கில் வருகிறது. சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் எடுக்கப் போய்க் கறுத்த திரையைக் கண்டு திகைத்தோம். இப்போது காலை முதல் பாடவேளைக்கு மாற்றிவிட்டோம். 2024 நவம்பரில் அந்தச் செயற்கைக்கோளின் தரவு மையத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து சேவை முடங்கியதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸின் 195 ஆங்ஸ்ட்ராம் படம் கைகொடுக்கும்.

துளை, தட்டின் நடுவே வடக்கு தெற்காகப் போகும் நடுக்கோட்டைத் தொட்ட அன்று, அதன் காற்று பூமிக்கு வந்துசேரும் கணக்கு தொடங்குகிறது. 15 கோடி கிலோமீட்டரை நொடிக்கு 600 கிலோமீட்டரால் வகுத்தால் இரண்டரை லட்சம் நொடி. ஏறக்குறைய மூன்று நாள். எல்1-இல் இருக்கும் கருவிகள் தரும் காற்று வேக வரைபடத்தை மூன்றாம் நாள் பார்க்க வேண்டும். நாங்கள் முதன்முறை காத்திருந்தபோது வேகக்கோடு முந்நூற்றுச் சொச்சத்தில் சும்மா கிடந்தது. ஆனால் அடர்த்திக் கோடு குத்தாக ஏறியிருந்தது. "தப்பாப் போச்சு சார்" என்றான் ஒருவன். தப்பில்லை. பின்னால் வரும் வேகக்காற்று முன்னால் போகும் மெதுக்காற்றை முட்டித் தள்ளுவதால் முதலில் அடர்த்திதான் குவியும். மறுநாள் காலையில் வேகம் ஆறுநூறைத் தாண்டியிருந்தது, அடர்த்தி சரிந்திருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி அது நடந்ததைப் பார்த்த அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஊரில் கேட்பார்கள், இதனால் வெயில் கூடுமா, மழை குறையுமா என்று. கூடாது, குறையாது. பூமியின் காந்தப்புலம் சற்றுக் குலுங்கும், துருவப் பக்கம் வானொளி தோன்றும், உயரச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களைச் சுற்றி அதிவேக எலெக்ட்ரான்கள் பெருகும். நம் பக்கத்தில் அந்தக் குலுக்கலைக் கருவிகள்தாம் உணரும். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் அதை அளக்கிறது.

சுவரில் கட்டம் போடுவதிலும் ஒரு விஷயம் கிடைத்தது. பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒருமுறை சுழலச் சுமார் 27.28 நாள். துளைகள் பல மாதம் நிலைத்து, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வரும். ஆகவே வரிசைக்கு 27 கட்டம். கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது வகுப்பறைத் தினசரிக் காலண்டரைப் பார்த்த ஒரு பையன், "27ன்னா நட்சத்திரம் சார்" என்றான். சரிதான். சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பித் திரும்ப அதே இடத்துக்கு வர 27.32 நாள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். ரோகிணி அன்று நடுவைத் தொட்ட துளை அடுத்த முறையும் ரோகிணியை ஒட்டியே வரும். இது எண்கள் தற்செயலாகப் பொருந்தியது, ஜாதகத்துக்கும் சூரியக் காற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பலகையில் எழுதியே வைத்திருக்கிறேன். ஆனால் நாள்கணக்குக்கு இதைவிட வசதி இல்லை. நாங்கள் கட்டங்களுக்கு நட்சத்திரப் பெயரே வைத்துவிட்டோம்.

இதற்கு இது நல்ல காலமும்கூட. சூரியப்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதைச் சூரியச் சுழற்சி என்பார்கள். 25-ஆம் சுழற்சியின் உச்சம் 2024-இல் வந்தது. உச்சம் தாண்டி இறங்கும் ஆண்டுகளில்தான் பெரிய துளைகள் சூரியனின் நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்து, சுற்றுக்குச் சுற்று தவறாமல் திரும்பும்.

நாங்கள் எடுத்த முடிவு இது. கறுப்பு-வெள்ளை லேசர் அச்சுப்பொறியும் தாளும் முதல் செலவு. வெள்ளொளி வடிகட்டியோடு சிறு தொலைநோக்கி அடுத்தது. மீதியைக் கொடைக்கானல் வேனுக்கு ஒதுக்கியாயிற்று. ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளி என்றால் வரிசையை மாற்றி, தொலைநோக்கியை முதலில் வாங்குங்கள். அந்த வயதில் தன் கண்ணால் ஒரு சூரியப்புள்ளியைப் பார்ப்பதற்கு இணை இல்லை. எதை வாங்கினாலும் வடிகட்டியை முன்முகப்பில் இறுக்கமாக மாட்டி, தொலைநோக்கியின் மேல் இருக்கும் சிறு குறிநோக்கியின் மூடியைக் கழற்றாமல் வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் கூடாது.

அச்சுப்பொறி வந்த பிறகு மாடியில் தொலைநோக்கியை முதன்முறை வைத்த நாளில், துளை நடுக்கோட்டில் இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளையைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். ஒரு கையில் அன்றைய தாள், அதில் நடுவே வெள்ளையாக அகன்ற பட்டை. கண்ணை வைத்துப் பார்த்தாள். விளிம்போரம் இரண்டு சின்னப் புள்ளிகள். நடுவில் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி வழவழப்பான வெளிச்சம். தாளைப் பார்த்தாள், திரும்பவும் கண்ணை வைத்தாள். "இங்கதான இருக்கு சார், ஆனா தெரியல" என்றாள். பிறகு தாளின் பின்பக்கம், மாடியிலிருந்து தெரியவில்லை என்று தேதி போட்டு எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டாள். ரோகிணிக் கட்டத்தில் ஒட்டியிருப்பது அந்தத் தாள்தான்.